இரு ஆட்சியில் ஒரு நகரம்: 1898-இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக்

பெங்களூரின் கண்டோன்மென்ட் பகுதியைத் 'தண்டு' என்று வழங்குவதை அந்நகரில் வாழும் தமிழர் அறிவர். தண்டு என்பது படை. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கு மாற்றினர். அப்படையைப் பின்பற்றிச் சிப்பாய்களும் சமையற்காரரும் கொத்தனாரும் வணிகருமாகத் தமிழ் மக்கள் திரளாக வந்து குடியேறினர். அல்சூரும் இன்றைய சிவாஜிநகரும் அவ்வாறு பெருகியவையே. மேற்கே, கெம்பே கௌடர் அமைத்த பழைய பேட்டை கன்னட வணிகரும் நெசவாளரும் நிறைந்து விளங்கிற்று.

1881-ஆம் ஆண்டில் மைசூர் நாடு உடையார் மரபினருக்குத் திருப்பி அளிக்கப்பட்டபோது, தண்டு மட்டும் பிரிட்டிஷ் ரெஸிடெண்டின் ஆட்சியில் தனியே வைக்கப்பட்டது. பேட்டையை மைசூர் சர்க்கார் ஆண்டது. இரண்டிற்கும் தனித்தனி நகரசபை; தனித்தனிப் போலீஸ். காலையில் பேட்டையில் மூட்டை சுமந்த கூலியாள், மாலையில் வேறோர் ஆட்சியின் குடிமகனாக வீடு திரும்புவான். அமைதிக் காலத்தில் இதனால் பெருந்துன்பம் விளையவில்லை. இவ்வேற்பாட்டின் குறை, கொள்ளை நோய் வந்தபோதுதான் வெளிப்பட்டது.

1894-இல் ஹாங்காங்கிலும் 1896-இல் பம்பாயிலும் தோன்றிய பிளேக், 1898 ஆகஸ்டில் பெங்களூரை அடைந்தது. ஹூப்ளிப் பக்கத்திலிருந்து ரயில் மார்க்கமாக அது வந்ததென்பர். எல்லைகளில் ஆட்களை நிறுத்திச் சோதிக்கலாம்; தானிய மூட்டைகளோடு பயணம் செய்யும் எலியை யார் நிறுத்துவது? பிளேக் கிருமியை யெர்சின் என்பவர் 1894-இலேயே கண்டறிந்திருந்தார். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைப் பரப்புகிறது என்பதைச் சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1898-இல்தான் கராச்சியில் எடுத்துக்காட்டினார். அவர் கூற்றை உலகம் ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே, பகைவன் யார் என்று தெளிவாக அறியாமலே அன்றைய அதிகாரிகள் போரிட்டனர் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

அப்போது மைசூரில் திவானாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர். பிளேக் தடுப்பு வேலைகள் அனைத்தையும் ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்க வேண்டுமென்று கருதி, வி. பி. மாதவ ராவ் பிளேக் கமிஷனராக நியமிக்கப்பட்டார். நகருக்கென ஒரு சுகாதார அதிகாரியும் நியமனம் பெற்றார். தடுப்பு வேலைகளை ஒருங்கிணைக்கும் பொருட்டுத் தொலைபேசிக் கம்பிகள் இடப்பட்டன. பெங்களூர் மக்கள் இன்று வீண் பேச்சிற்கும் பயன்படுத்தும் அக்கருவி, இந்நகரில் வேரூன்றியதற்கு நோயும் ஒரு காரணம். எத்தெருவில் எத்தனை பேர் நோயுற்றனர் என்னும் செய்தி நேரத்தில் வந்து சேராவிடின், மருத்துவரும் மருந்தும் இருந்தும் பயனில்லை.

இப்பணியில் ஈடுபட்டவர்களுள் டாக்டர் பல்புவை நாம் மறத்தல் ஆகாது. திருவனந்தபுரத்தில் ஈழவர் குலத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்ற அவருக்கு, சாதியின் பெயரால் திருவிதாங்கூர் அரசாங்கம் வேலை மறுத்தது. மைசூர் சமஸ்தானம் அவரை ஏற்றுக்கொண்டது. தாய்நாடு தள்ளிய அவரே, பெங்களூரில் பிளேக் முகாமின் பொறுப்பை ஏற்று, பிறர் அஞ்சி ஓடிய இடத்தில் நின்று பணியாற்றினார்.

அதிகாரிகள் ஒன்றுபட்டால் மட்டும் போதுமா? 1897-இல் புனாவில் வீடு வீடாகச் சோதனையிடப் பட்டாளத்தை ஏவினர், மக்கள் கொதித்தனர். பிளேக் கமிட்டித் தலைவர் ராண்டு அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சுடப்பட்டார். முகாமிற்குக் கொண்டுசெல்வோர் உயிரோடு திரும்பார் என்னும் அச்சம் பரவிய இடங்களில், நோயாளிகள் மறைத்து வைக்கப்பட்டனர். குடும்பங்கள் இரவோடிரவாக வெளியேறின. அவ்வாறு சென்றவர்களோடு நோயும் சென்றது. பெங்களூரில் இன்றும் காணும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்நாளைய நடுக்கத்தின் சான்றுகள். மக்களின் மொழியில், மக்கள் நம்பும் ஒருவர் வாயிலாகச் சொல்லப்படாத உத்தரவு, எத்துணைச் சிறந்ததாயினும், காகிதத்திலேயே நின்றுவிடுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இதனைச் சற்று அழுத்தியே கூறுகிறோம்.

1891-இல் இரு பகுதிகளும் சேர்ந்து 1,80,366 ஆக இருந்த மக்கள் தொகை, 1901-இல் 1,59,046 ஆகக் குறைந்தது. மாண்டவரும் வெளியேறியவரும் இக்குறைவில் அடங்குவர். நெருக்கமான பேட்டையை விட்டு மக்கள் அகன்றதால், மல்லேசுவரமும் பசவனகுடியும் விரைந்து வளர்ந்தன. தண்டுப் பகுதியிலும், நெரிசலைக் குறைக்கும் நோக்கத்துடன் பிரேசர் டவுன் எழுந்தது. 1897-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற விக்டோரியா மருத்துவமனை 1900-இல் திறக்கப்பட்டது. இரு நகரசபைகளும் 1949-இல் ஒரே மாநகராட்சியாக இணைந்தன.

ஆட்சி எல்லை மறைந்தபின்னும் வேறோர் எல்லை மறையவில்லை. 2020-ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றின்போது நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பிற மாநிலங்களில் உழைத்த கூலியாட்கள், தம் ஊரின் ரேஷன் அட்டை இங்குச் செல்லாமலும், இங்குள்ள பதிவேடுகளில் பெயர் இல்லாமலும் இடையில் அகப்பட்டனர். பலர் நூற்றுக்கணக்கான மைல்கள் நடந்தே சென்றனர். 1898-இல் இரு நகரசபைகளுக்கிடையே நின்ற அதே மனிதன், இப்போது இரு மாநிலங்களுக்கிடையே நின்றான்.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வரலாறு கூறும் செய்தி எளியது. நாம் வாழும் ஊரின் பதிவேட்டில் நம் பெயர் இருத்தல் வேண்டும். அவ்வூர் மொழியை நாம் கற்றல் வேண்டும். நம் தெருவிற்குப் புதிதாக வந்த தொழிலாளியை, அவர் எம்மொழியினராயினும், அருகிலுள்ள சுகாதார நிலையத்திற்கு அறிமுகப்படுத்துதல் வேண்டும். இவற்றை நோயில்லாத நாளில் செய்து வைப்பதே எளிது. நோய் வந்தபின் இவற்றுக்கெல்லாம் நேரமிருப்பதில்லை.