பீட்டா லாக்டமேஸ்
பால் என்றதும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாதான் நினைவுக்கு வரும். பீட்டா லாக்டமேஸ் என்ற நொதியின் பெயரிலும் பால் ஒளிந்திருக்கிறது. லத்தீனில் 'லாக்' என்றால் பால். அதிலிருந்து லாக்டிக் அமிலம், அதன்வழி 'லாக்டோன்', அதோடு 'அமைடு' ஒட்டி 'லாக்டம்'. 'ஏஸ்' நொதிகளுக்கான விகுதி.

பெனிசிலினின் உயிர்நாடி நான்கு அணுக்களாலான லாக்டம் வளையம். பாக்டீரியாவின் இந்த நொதி நீரைச் சேர்த்து அதை உடைத்துவிட்டால் மருந்து வெறும் பொடி. 1940இல் விஞ்ஞானிகள் ஆபிரகாமும் செயினும் இந்த நொதிக்கு 'பெனிசிலினேஸ்' என்று பெயரிட்டார்கள். மருந்து பரவலாகப் புழங்கும் முன்பே!

2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிறரும் எழுதிய ஆய்வுக்கட்டுரையால் பிரபலமானது இந்த நொதியின் உறவுக்காரன், 'நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்'. 'மெட்டலோ' என்பது அதிலுள்ள துத்தநாகத்தைக் குறிக்கும். சண்டை மூண்டதோ அதிலிருந்த 'நியூ டெல்லி' என்ற ஊர்ப்பெயரால்தான்.