15,300 கி.மீ. நிற்காமல் பறக்கும் விமானம்: நியூயார்க்கில் திங்கட்கிழமை ஏறினால் சிங்கப்பூரில் புதன்கிழமைதான் இறங்கலாம்

நடுவில் எங்கும் இறங்காமல் பறக்கும் நீண்ட தூர பயணிகள் விமானம் என்று பெயர் வாங்கியது, சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க் ஜான் எப்.கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலான விமானம். 2020-ம் ஆண்டு நவம்பரில் இந்த சேவை தொடங்கியது. இரு ஊர்களுக்கும் இடையே குறுக்கு வழி தூரம் சுமார் 15 ஆயிரத்து 300 கி.மீ. பயண நேரம் ஏறத்தாழ 18½ முதல் 19 மணி நேரம்.

இதற்கு முன்னோடி, பக்கத்தில் உள்ள நெவார்க் விமான நிலையத்துக்கு 2004-ம் ஆண்டு ஜூன் மாதம் விடப்பட்ட விமானம். அது 4 என்ஜின் கொண்ட ஏ340-500 ரகம். எரிபொருள் செலவு கட்டுப்படி ஆகாததால் 2013 நவம்பரில் நிறுத்தி விட்டார்கள். 2 என்ஜின் உள்ள ஏ350-900 யு.எல்.ஆர். ரக விமானம் வந்த பிறகு 2018 அக்டோபரில் மறுபடியும் தொடங்கினார்கள். அப்போது அதில் மொத்தமே 161 சீட்தான். சாதாரண வகுப்பே கிடையாது.

காற்றுதான் வழி காட்டுது

குறுக்கு வழி என்று பார்த்தால் வடதுருவத்தை ஒட்டித்தான் போக வேண்டும். ஆனால் உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கு நோக்கி பலத்த காற்று வீசுகிறது. அதனால் பசிபிக் கடல் வழியாக ஆயிரம் கி.மீ.க்கு மேல் சுற்றிப் போவதும் உண்டு. தூரம் கூடினாலும் காற்று பின்னால் இருந்து தள்ளுவதால் நேரமும் எரிபொருளும் மிச்சம்.

தேதி கணக்கில் கோட்டை விடாதீங்க

சிங்கப்பூரை விட நியூயார்க் கடிகாரம் நவம்பர் முதல் மார்ச் வரை 13 மணி நேரமும், மற்ற மாதங்களில் 12 மணி நேரமும் பின்தங்கி இருக்கும்.

உதாரணத்துக்கு ஜனவரி மாதம் ஒரு திங்கட்கிழமை பிறக்கும் நள்ளிரவு 12 மணிக்கு சிங்கப்பூரில் கிளம்பினால், 18 மணி 40 நிமிடம் பறந்த பிறகும் நியூயார்க்கில் அதே திங்கட்கிழமை காலை 5.40 மணிதான். திரும்பும்போது கதையே வேறு. திங்கட்கிழமை இரவு 10 மணிக்கு ஏறி 19 மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் புதன்கிழமை காலை 6 மணி ஆகி விடும். செவ்வாய்க்கிழமை வானத்திலேயே போயிடும்.

இங்குதான் பலர் ஏமாந்து விடுகிறார்கள். சிங்கப்பூரில் இறங்கி திருச்சிக்கோ, சென்னைக்கோ தனி டிக்கெட் எடுப்பவர்கள் செவ்வாய்க்கிழமை தேதி போட்டு விட்டால் அந்த விமானம் முதல் நாளே போயிருக்கும். தனி டிக்கெட் என்பதால் பணம் திரும்ப கிடைப்பதும் கஷ்டம்.

டிக்கெட்டில் உள்ள நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். வந்து சேரும் நேரத்துக்கு பக்கத்தில் '+1', '+2' என்று போட்டிருந்தால், கிளம்பிய தேதியோடு அத்தனை நாளை கூட்டிக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன பயணத்துக்கு '+2' என்றுதான் இருக்கும். அதைப் பார்த்த பிறகே அடுத்த டிக்கெட் எடுப்பது நல்லது. விமான நிலையத்துக்கு அழைக்கப் போகும் உறவினர்களுக்கும் இதே கணக்குதான்.