கடலோர விஷமும் தர்மபுரி விரியனும்

தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியின் மானாவாரிக் காட்டில் கண்ணாடி விரியன் கடித்தவருக்கு ஏற்றப்படும் விஷமுறிவு மருந்தின் பூர்வீகம், பெரும்பாலும் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலிதான். தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர் பழங்குடியினரின் பிழைப்பை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் முடக்கியது. 1978-இல் அவர்கள் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். விஷம் எடுப்பது புதுத் தொழிலானது. கண்ணாடிக் குடுவையின் வாயில் இழுத்துக் கட்டிய மெல்லிய படலத்தைப் பாம்பு கடிக்கும். சொட்டும் விஷத்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்குவார்கள். அந்தப் பொடியைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தால் மருந்து. எண்ணற்ற உயிர்களைக் காத்த தொழில் இது. ஆனாலும் சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களின் பாம்புகளையே பெரிதும் நம்பி நாட்டுக்கெல்லாம் மருந்து செய்வது போதாது. விஷத்திலுள்ள ஒரு நொதியின் வரலாறே அதற்குச் சான்று.

1902-இல் ஜெர்மனியில் பால் எர்லிக்கின் ஆய்வகத்தில் பிரெஸ்டன் கைஸ், கழுவிய செவ்வணுக்களில் நல்ல பாம்பின் விஷத்தைக் கலந்து பார்த்தார். நாயின் அணுக்கள் உடைந்தன. ஆடு மாடுகளின் அணுக்கள் அசையவில்லை. லெசித்தின் என்ற கொழுப்பைச் சேர்த்ததும் அவையும் உடைந்தன. விஷமும் லெசித்தினும் கூடிப் புதிய நஞ்சாவதாக அவர் நினைத்தார். உண்மையில் விஷத்திலுள்ள பாஸ்போலிபேஸ் என்ற நொதி லெசித்தினின் ஒரு கொழுப்பு அமிலத்தை வெட்டுகிறது. மிச்சமே அணுவை உடைக்கிறது என்பதை அடுத்த சில ஆண்டுகளில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தெளிவாக்கினார்கள். ஆட்டின் அணுச்சவ்வில் லெசித்தினுக்குப் பதில் பெரும்பாலும் ஸ்பிங்கோமயலின் என்ற வேறொரு கொழுப்பு. அதில் இந்த நொதி வெட்டும் பிணைப்பே கிடையாது.

விரியன் விஷத்திலும் இந்த நொதி உண்டு. எல்லா விரியனின் நொதியும் அதே பிணைப்பைத்தானே வெட்டுகிறது, ஓர் ஊர்ப் பாம்புக்கான மருந்து மற்ற ஊருக்கு ஏன் போதாது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெட்டும் பகுதி ஏறக்குறைய மாறாமல் இருக்க, நொதியின் வெளிப்பரப்பு மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. எந்தத் திசுவின் சவ்வில் போய் ஒட்டுவது என்பதை அந்தப் பரப்பே தீர்மானிக்கிறது. எதிர்ப்பொருள் அடையாளம் காண்பதும் பெரும்பாலும் அதைத்தான். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கண்ணாடி விரியன் கடித்த பலருக்கு ரத்தம் உறையாமல் போவதோடு இமையும் சரிகிறது. நரம்பைத் தாக்கும் அந்த வேலை விரியனின் பாஸ்போலிபேஸுடையது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவின் ஆய்வுகளும், ஒரே இனத்தின் விஷம் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுவதையும், மருந்தின் வீரியம் அதற்கேற்பக் குறைவதையும் காட்டியிருக்கின்றன. இன்றைய மருந்தை ஒதுக்கச் சொல்லவில்லை. கடிபட்டவருக்கு அதுதான் உயிர். பாம்பு பிடிக்கும் அனுமதியில் இருளர்களின் கைத்திறனுக்குப் போட்டிருக்கும் மாவட்ட எல்லையைத் தளர்த்தி, தர்மபுரி போன்ற உள்மாவட்டங்களின் விஷமும் அந்தக் குதிரைகளுக்குப் போய்ச் சேர வழிசெய்ய வேண்டும்.