இயந்திரமாகவே ஒலிக்கட்டும்

கணினிக்குப் பேசும் மென்பொருள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், மனிதரைப் போலவே ஒலிப்பதுதான் உயர்ந்தது என்று கண்ணால் படிக்கும் நாம் முடிவுகட்டிவிடுகிறோம். இத்தொழில்நுட்பத்தின் வரலாறு அதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

1984-இல் ‘டெக்டாக்’ விற்பனைக்கு வந்தது. கணினியோடு கம்பியால் இணைக்கப்படும் தனிப்பெட்டி. விலை ஏறத்தாழ 4,000 டாலர். அதன் மூலவர் எம்.ஐ.டி. ஆய்வாளர் டென்னிஸ் க்ளாட். பதிவுசெய்த பேச்சை அவர் வெட்டி ஒட்டவில்லை. தொண்டையிலும் வாயிலும் காற்று எந்தெந்த அதிர்வெண்களில் ஒத்ததிர்கிறது என்று கணக்கிட்டு, ஒலியை அடியிலிருந்து வனைந்தார். பெட்டிக்குள் இருந்த ‘பெர்ஃபெக்ட் பால்’ அவரது சொந்தக் குரலை அளந்து அமைத்தது. ‘பியூட்டிஃபுல் பெட்டி’ மனைவியின் குரலிலிருந்தும், ‘கிட்’ மகளின் குரலிலிருந்தும் பிறந்தவை. (ஒரு குடும்பமே பெட்டிக்குள் குடியேறிய கதை இது.) தைராய்டுப் புற்றுநோய் அவர் குரலைத் தேய்த்தது; 1988-இல், ஐம்பது வயதில் மறைந்தார்.

1985-இல் தொண்டையில் செய்யப்பட்ட அறுவை சிகிச்சையால் பேச்சை இழந்த ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு வாய்த்ததும் க்ளாட்டின் ஆய்விலிருந்து கிளைத்த குரலே. அவர் நெடுங்காலம் பயன்படுத்திய கருவியின் பெயர் ‘கால்டெக்ஸ்ட் 5010’. ஓர் ஆங்கிலேயருக்கு அமெரிக்க உச்சரிப்பு! பின்னர் எத்தனையோ மேம்பட்ட குரல்கள் வந்தும் அவர் மாறவில்லை. அதைத் தம் குரலாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். வன்பொருள் மூப்படைந்தபோது, அதே ஒலியை மென்பொருளில் மீட்டெடுக்கப் பொறியாளர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 2018 ஜனவரியில் அது அவரிடம் வந்து சேர்ந்தது. மார்ச்சில் அவர் காலமானார்.

ஹாக்கிங்கின் தேர்வு அடையாளம் பற்றியது. பார்வையற்றோர் தங்கள் பணிக்கணினிக்குச் செய்த தேர்வில் வேறொரு நியாயம் உண்டு. அவர்களுக்கு அக்குரல் உரையாடும் துணையன்று, படிக்கும் கண். பழகியவர்கள் நிமிடத்துக்கு 400 சொற்களுக்கு மேலும் கேட்பார்கள். விசையைத் தொட்ட கணமே எழுத்து ஒலிக்க வேண்டும். அடுத்த விசை அதை உடனே நிறுத்தவும் வேண்டும். மனிதப் பேச்சின் துணுக்குகளை ஒட்டவைக்கும் முறை 1990-களில் பரவியபோது செவிக்கு இனிமை கூடியது. ஆனால் வேகத்தை ஏற்றினால் ஒட்டுகள் சிதறின, மறுமொழி தாமதித்தது. ஆகவே ‘ஜாஸ்’ திரைவாசிப்பானோடு வந்த உலோகத்தன்மையுள்ள ‘எலோக்வென்ஸ்’ குரலை விட மறுத்தவர்கள் ஏராளம். 2006-இல் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் தொடங்கி, பின்னர் ஜேம்ஸ் டே இணைந்த இலவச ‘என்விடிஏ’வும் ஜொனாதன் டடிங்டனின் ‘ஈஸ்பீக்’கையே துணைகொண்டது. சில மெகாபைட்டுகளில் அடங்கும் அதில் தமிழும் உண்டு. ஒரே ககரத்தைக் ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ என்று இடமறிந்து ஒலிக்க விதிகள் எழுதியாக வேண்டிய மொழி நம்முடையது.

அலுவலகங்களில் இதை வாங்கத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் கண்ணால் படிப்பவர். விற்பனையாளர் இயக்கிக்காட்டும் இரண்டு வாக்கியங்களில் மயங்கிவிடுகிறார். வேகத்தை மும்மடங்காக்கி, நாள் முழுதும் அதைக் கேட்கப்போகிறவரிடம் அரைமணி நேரம் காதணியைக் கொடுத்துப் பார்த்தால் தேர்வு அநேகமாக மாறிவிடும்.