கோட்டையும் கமிட்டி ஆபீசும்

"கோட்டைக்குப் போறவன் யாருன்னு கமிட்டி ஆபீஸ்லதான்டா முடிவாகும்" என்பார் கதர்ச் சட்டைக்காரரான என் தாத்தா. வெற்றிலையை மடித்தபடியே முதல்வர்களை வரிசையாகச் சொல்வார்.

1946இல் காங்கிரஸின் டெல்லி மேலிடம் ராஜாஜியை விரும்பியது. சென்னை மாகாண எம்.எல்.ஏ.க்களோ பிரகாசத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மறு ஆண்டே அவர் இறங்க, ஓமந்தூரார் வந்தார். கட்சிக்காரர்களின் சிபாரிசுக்கு வளையாத அவரும் 1949இல் விலக, குமாரசாமி ராஜா அமர்ந்தார். இந்த மாற்றங்களின் போதெல்லாம் 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவரான காமராஜரின் சொல்லுக்குத் தனி எடை இருந்தது.

1954இல் முதல்வர் பதவிக்கு அவரே போட்டியிட்டார். சட்டமன்றக் கட்சித் தேர்தலில் சி. சுப்பிரமணியத்தை வென்றவர், தோற்றவரையே அமைச்சராக்கிக்கொண்டார். அப்போது காமராஜர் நாடாளுமன்ற உறுப்பினர். குடியாத்தம் இடைத்தேர்தலில் வென்றபின்தான் எம்.எல்.ஏ. ஆனார்.

1963இல் கட்சியை வளர்க்கவென்று முதல்வர் பதவியை விட்டார். தாத்தாவின் வரிசை அத்தோடு நின்றுவிடும். மிச்சத்தை நான் சொல்கிறேன்: 1967இல் காங்கிரஸ் கோட்டையை இழந்தது, விருதுநகரில் காமராஜரே தோற்றார்.