நடத்தை ஆதரவில் உடல்வழித் தலையீடு: 'எப்படி' என்பதற்கு முன்னால் 'ஏன்'

2004 ஏப்ரல் 19 அன்று, இங்கிலாந்தின் ரெயின்ஸ்புரூக் சிறார் காவல் மையத்தில் கேரத் மயட் என்ற 15 வயதுச் சிறுவன் இறந்தான். எடை 41 கிலோ அளவுதான். ரொட்டி வாட்டும் கருவியைத் துடைக்க மறுத்ததில் தொடங்கிய தகராறு அவன் அறைவரை போயிற்று. அங்கே மூன்று பணியாளர்கள் அவனை உட்கார்ந்த நிலையில் பிடித்தார்கள். இருவர் இருபுறமும் அமர்ந்து கைகளை இறுக்க, மூன்றாமவர் தலையைப் பிடித்தார். இந்த நிலையில் உடல் முன்னால் மடங்கினால் வயிறும் மார்பும் நெருக்குண்டு, உதரவிதானம் அசைய இடமிருக்காது. மூச்சுவிட முடியவில்லை என்றான். கத்த முடிகிறதே, மூச்சும் விட முடியும் என்று பதில் வந்தது.

யாரோ ஆத்திரத்தில் போட்ட பிடியல்ல அது. அரசு அங்கீகரித்து, பயிற்சியில் கற்றுக்கொடுத்த பிடி. சிறுவன் இறந்து இரண்டு மாதத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

இப்படி ஒருவரைப் பிடித்துக் கட்டுப்படுத்தும் உடல்வழித் தலையீட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'பாதுகாப்பான பிடி எது?' என்பதையே சுற்றி வருகிறது. மயட் வழக்கு காட்டுவது வேறு. பிடியின் ஆபத்து ஒருபக்கம் இருக்கட்டும். அன்று யாரைக் காப்பாற்ற அந்தப் பிடி? கீழ்ப்படியாததற்காகப் பிடித்தார்கள் என்பதே அங்கு மூலக் குற்றம். ஆனால் 2007இல் பிரிட்டிஷ் அரசு விதிகளைத் திருத்தி, 'ஒழுங்கும் கட்டுப்பாடும்' காக்கவும் சிறாரைப் பிடிக்கலாம் என்றது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்துசெய்தது.

முரண்டின் காரணத்தைக் கண்டறிந்து அதைத் தணிக்க முயலும் நேர்மறை நடத்தை ஆதரவு இந்த 'ஏன்' என்ற கேள்வியைப் பிடிபடுபவரின் பக்கமிருந்து கேட்கிறது. எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு குழந்தைகளை அவர்கள் கவனித்தார்கள். சிலருக்குப் பாடம் கடினமானபோது முரண்டு கூடியது. சிலருக்குப் பெரியவர்களின் கவனம் குறைந்தபோது. முதல் வகையினருக்கு 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லவும், மற்றவர்களுக்கு 'நான் நன்றாகச் செய்கிறேனா?' என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பொருத்தமான வாக்கியம் கிடைத்ததும் முரண்டு தணிந்தது. எந்தக் குழந்தைக்கு எந்த வாக்கியம் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உழைப்பு. பிடிபோடக் கற்பதைவிட அதற்கு நாள் அதிகம் ஆகும்.

அப்படியானால் பிடிப்பதையே அடியோடு தடைசெய்துவிடலாமே? கூடாது என்பதே என் கருத்து. சுவரில் தலையை மோதிக்கொள்ளும் இளைஞரையும், சாலைக்குள் ஓடும் குழந்தையையும் யாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தடை இருந்தாலும் கை நீளும். பயிற்சியில்லாத கை கழுத்தைப் பிடிக்கும், மேலே ஏறி அமுக்கும். ஆகவே யாரை, எந்த அபாயத்தில், எவ்வளவு குறைந்த விசையில், எத்தனை நேரம் பிடிக்கலாம், எந்த அறிகுறியில் உடனே விட வேண்டும் என்பதை அவரவர் திட்டத்திலேயே முன்கூட்டி எழுதிவைக்க வேண்டும். பேசத் தெரியாதவர் என்றால் வலியையும் மூச்சுமுட்டலையும் அவர் எப்படிக் காட்டுவார் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

எழுதிவைத்தால் மட்டும் போதுமா? பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை இருந்தது. அறிவுத்திறன் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பெரியவர்களுக்கானது, 24 படுக்கைகள். அதன் பதிவேட்டில் 2010இல் மட்டும் 379 உடல்வழித் தலையீடுகள். அங்கே பணியாளர்கள் நோயாளிகளுக்குச் செய்த கொடுமை வெளியே தெரிந்தது பதிவேட்டால் அல்ல, 2011 மே மாதம் பிபிசி ஒளிபரப்பிய ரகசிய ஒளிப்பதிவால். 11 பணியாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். பிடிபோடும் முறைகளைத் தவிர அங்கு வேறு பயிற்சி நடந்ததற்குச் சான்று மிகக் குறைவு என்றது அரசின் அறிக்கை. 379 என்ற எண்ணைப் பார்த்தவுடன் நோயாளிகளின் திட்டங்கள் எங்கே தவறின என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். பதிவேடு வெறும் கணக்குப் புத்தகமாகவே கிடந்தது.

இந்தியாவில் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 97ஆம் பிரிவு தெளிவானது: உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு பிடிக்கலாம், தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையைச் சாக்கிட்டோ கூடாது. ஆனால் அதே சட்டம் மனநோய் என்ற வரையறையிலிருந்து அறிவுத்திறன் குறைபாட்டை விலக்கிவைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கொடுமையான நடத்துமுறையைப் பொதுவாகத் தடுக்கிறதே தவிர, பிடிப்பதற்கு இத்தகைய நிபந்தனைகளை வகுக்கவில்லை. நடத்தை ஆதரவு அன்றாடம் தேவைப்படும் சிறப்புப் பள்ளியின் வகுப்பறைக்கு 97ஆம் பிரிவு எட்டுவதில்லை.