கண்ணுக்கு மை அரைத்த குட்டி அம்மி

மணப்பாடு போயிருக்கிறீர்களா? கடலை ஒட்டிய மணல் குன்று, அதன் உச்சியில் சிலுவைக் கோயில். அங்கே நின்று வடக்கே பார்த்தால் திருச்செந்தூர், அதற்கும் அப்பால் தாமிரபரணி கடலில் கலக்கும் இடம். அந்தப் பக்கம்தான் பாண்டியரின் பழைய துறைமுகம் கொற்கை. மொத்தமும் முத்துக் கரை!

முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த ‘பெரிப்ளூஸ்’ கையேட்டில் கொற்கை வருகிறது. முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளைக் கடலில் இறக்கினார்களாம். அதே கையேட்டில், மேற்குக் கரை முசிறியில் வந்து இறங்கிய சரக்குப் பட்டியலும் இருக்கிறது. பவளம், செம்பு, தகரம், ஈயம்... கூடவே அஞ்சனக்கல்! நம் முத்து ரோமாபுரிச் சீமாட்டிகளின் காதுக்குப் போனது. அங்கிருந்து நம்மூர்க் கண்களுக்கு மை வந்தது.

மை தீட்டிய செம்புக் குச்சிகள், அதாவது அஞ்சனக்கோல்கள், கீழடி போன்ற அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. சரி, கல்லை அரைக்க? நமக்குத்தான் அம்மியும் குழவியும் இருக்கிறதே!

ரோமானியர் ஆண்ட பிரிட்டனில் இதற்கென்றே வெண்கலத்தில் குட்டி அம்மி செய்தார்கள். விரல் நீளம்தான். படகு மாதிரி வளைந்த உரல், நடுவே பள்ளம். அதில் முன்னும் பின்னும் ஆட்ட, பிறைநிலா வடிவக் குழவி. கோத்துத் தொங்கவிட வளையம். சிலவற்றின் முனையில் காளைத் தலைகூட உண்டு.

ரொம்ப காலம் இவற்றைத் தாயத்து என்றே நினைத்தார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தின் ரால்ஃப் ஜாக்சன்தான் 1985-ல் உரலையும் குழவியையும் ஜோடி சேர்த்து, ‘இது அலங்காரச் சாமான்’ என்று விளக்கினார். 2010-ல் தனிப் புத்தகமே போட்டார். அவருக்குப் பொருள்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? பலவற்றைக் கண்டெடுத்தவர்கள், மெட்டல் டிடெக்டருடன் வயல் வயலாக அலையும் பொழுதுபோக்குக்காரர்கள்! அங்கேயும் ராத்திரியில் தோண்டி விற்கிற திருடர்கள் உண்டு. ஆனால், ‘எந்த வயல், எந்த இடம்?’ என்று கேட்டுப் பதிவு செய்ய 1997 முதல் ஒரு திட்டம் இருக்கிறது.

நம்ம ஊரில்? பழைய காசு கிடைத்தால் சேகரிப்பவர் தேடி வருவார். வளைந்த செம்புக் குச்சிக்கு யார் வருவார்? பழைய இரும்புக் கடைத் தராசுதான் கதி. எடை போட்டு உருக்கினால், இரண்டாயிரம் வருஷம் ஒரே நாளில் ஆவி!

நம்பிக்கை இல்லாமல் இல்லை. இதே தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில், முதுமக்கள் தாழிகளைக் கவனித்து விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். 2020-ல் அரசு அங்கே அகழாய்வு தொடங்கியது. 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை, அந்த ஊர் இரும்பின் காலத்தை ஐயாயிரம் வருஷத்துக்கும் பின்னால் கொண்டுபோனது. அந்த ஆசிரியர் மண்வெட்டி எடுக்கவில்லை. பார்த்தார், இடத்தைச் சொன்னார். அவ்வளவுதான்!

1878-ம் வருஷத்துப் புதையல் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் மண்ணில் கிடைத்தால், கலெக்டரிடம் சொல்ல வேண்டும்.

நாளைக்கே உங்கள் காலில் ஒரு செம்புக் குச்சி தட்டுப்படலாம். தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். கிடந்த இடத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். செம்பு என்ன விலை என்பது கடைக்காரருக்குத் தெரியும். அது எங்கே கிடந்தது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்!